போவேன் என்றால் எப்போது?

நேயர்களுக்கு வணக்கம்.

லிஸ்பனில் நான் போர்ச்சுகீசியம் கற்கத் தொடங்கி மூன்றாவது வாரம். "ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வீர்கள்?" என்று ஆசிரியை கேட்டார். "கடற்கரைக்குப் போவேன்" என்று மனத்துக்குள் தமிழில் சொல்லிப் பார்த்துக்கொண்டு, அதை அப்படியே எதிர்காலத்தில் வைத்து, "இரெய் ஆ ப்ராயா" என்றேன். அவர் முகத்தில் கவலை படர்ந்தது. "இந்த ஞாயிறு மழை என்கிறார்களே, குடை இருக்கிறதா?"

பிழை என்னுடையதுதான். ஆனால் பாதிப் பழியைத் தமிழ் மீது போடலாம். நாளைக்குப் போவதற்கும் "போவேன்", வாராவாரம் போவதற்கும் "போவேன்" என்கிறோம். கேட்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறார். போர்ச்சுகீசியத்தில் வழக்கத்தைச் சொல்ல நிகழ்காலம் வேண்டும்: "வோ ஆ ப்ராயா". அதாவது, போகிறேன்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. வருகிற ஞாயிறு போகப்போவதையும் அவர்கள் பேச்சில் "வோ" என்றே சொல்வார்கள். அப்போது கிழமைக்கு முன்னால் நிற்கும் குட்டிச் சொல்தான் வேறுபடுத்திக் காட்டும். "நு துமிங்கு" என்றால் அந்த ஒரு ஞாயிறு. "ஆவுஷ் துமிங்குஷ்" என்றால் ஞாயிறுதோறும். போர்ச்சுகலில் பன்மை இல்லாமல் "ஆவு துமிங்கு" என்றும் சொல்வதுண்டு, அதுவும் வழக்கத்தையே குறிக்கும். எனவே "நு"வா "ஆவு"வா என்று காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். குடை எடுப்பதா வேண்டாமா என்பது அதில் இருக்கிறது.

எப்போதாவது செய்வதைச் சொல்ல "வேஷ்" என்ற ஒரு சொல் கைவசம் இருந்தால் பெரும்பாடு தீர்ந்தது. பின்னால் உயிரொலி வந்தால் மட்டும் அந்தக் கடைசி ஒலி ஸகரமாகி வண்டு ரீங்கரிப்பதுபோல் அதிரும், நம் எழுத்தில் அதற்கு வழி இல்லை. "வேஷ்" என்றால் தடவை. "ஆஷ் வேஸஷ்" சில சமயம். "முயிந்தஷ் வேஸஷ்" பல சமயம். "ஊம வேஷ் புர் ஸெமான" வாரம் ஒரு தடவை. நம் "அவ்வப்போது" என்பதற்குப் பக்கத்தில் வருவது "த வேஸ் அய்ம் குவாந்து". "த வேஸ் அய்ம் குவாந்து வோ ஆவு சினேமா" என்று சொல்லிப் பாருங்கள், சினிமாவுக்கு எப்போதாவது போகிறவர் ஆகிவிடுவீர்கள்.

"குஷ்தூமு" என்றொரு வினையும் உண்டு: வழக்கமாகச் செய்கிறேன் என்று பொருள். தொடக்கநிலை மாணவர்கள் அதைக் கண்டதும் காதலித்து, "சில சமயம் வழக்கமாகப் போகிறேன்" என்று இரண்டையும் சேர்த்துக் குழப்புவார்கள். எனக்கு அதன் எதிர்மறைதான் அதிகம் உதவியது. யாராவது ஒயின் ஊற்ற வரும்போது "நாவும் குஷ்தூமு", எனக்குப் பழக்கமில்லை என்றால் போதும். மனம் நோகாது.

தமிழர்களுக்கு எளிதாக அமைவது ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் பந்துக்கும் கிதாருக்கும் ஒரே வினை. போர்ச்சுகீசியத்தில் கால்பந்துக்கு "ஜுகார்", கிதாருக்கு "துக்கார்". நாமும் பந்து விளையாடுகிறோம், வீணை வாசிக்கிறோம், ஆகவே இதில் தடுமாற மாட்டோம். குழந்தைகளின் விளையாட்டுக்கு மட்டும் "ப்ரிங்கார்" என்று தனிச்சொல் உண்டு.

ஜன்னல், சாவி, அலமாரி, மேசை எல்லாம் அவர்களிடமிருந்து நமக்கு வந்தவை. அந்தப் பக்கமிருந்து தமிழுக்கு வந்தவர்களும் உழைத்திருக்கிறார்கள். அந்தாம் த ப்ரோஎன்ஸா பாதிரியார் தொகுத்த தமிழ்-போர்ச்சுகீசிய அகராதி 1679-இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சானது. "போவேன்" என்பதை முதன்முதலில் கேட்டபோது அவரும் எந்த நாள் என்று விழித்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு அதில் ஓர் ஆறுதல்.

அடுத்த வகுப்பில் ஆசிரியை அதே கேள்வியைக் கேட்டார். இம்முறை இலக்கணம் பிசகாமல், "ஆவுஷ் துமிங்குஷ் வோ ஆ ப்ராயா" என்றேன். "அப்படியா, இதுவரை எத்தனை தடவை போனீர்கள்?" என்றார்.

"ஊம வேஷ்" என்று ஒப்புக்கொண்டேன். நன்றி, வணக்கம்.