கடிகாரத்தைப் பரிசளித்து மன்னிப்புக் கேட்ட அமைச்சர்: சீன மொழியில் ஒலி படுத்தும் பாடு

வணக்கம். 2015 ஜனவரியில் தைவானுக்குச் சென்ற பிரித்தானியப் போக்குவரத்துத் துறை அமைச்சர் சூசன் கிரேமர், தைபே மேயர் கோ வென்-ஜேவுக்கு ஒரு கடிகாரத்தை அன்பளிப்பாகக் கொடுத்தார். இதைப் பழைய இரும்புக் கடையில் போட்டுக் காசாக்கலாம் என்று செய்தியாளர்களிடம் மேயர் வேடிக்கையாகச் சொல்லிவைக்க, அமைச்சர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

கடிகாரம் செய்த குற்றம் என்ன?

(திரையில்: ஒரு சுவர்க் கடிகாரம்)

மாண்டரின் சீனத்தில் சுவர்க் கடிகாரம் ‘ஜோங்’, கொடுப்பது ‘ஸோங்’. ‘ஸோங் ஜோங்’ என்றால் கடிகாரம் கொடுப்பது. சாகும் தறுவாயில் இருக்கும் பெரியவரின் அருகிலிருந்து இறுதிக்கடன் செய்து வழியனுப்புவதும், தொனி (அசையை ஒலிக்கும்போது குரலின் ஏற்ற இறக்கம்) பிசகாமல், அதே ‘ஸோங் ஜோங்’தான். கைக்கடிகாரத்தின் பெயர் ‘பியாவ்’ என்பதால் அகராதிப்படி அது நிரபராதி. ஆனாலும் அதையும் தவிர்ப்பவர்கள் உண்டு.

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாண்டரினில் அசைகள் ஏறத்தாழ 400. நான்கு தொனிகளைச் சேர்த்தாலும் வழக்கில் இருப்பவை 1,300 அளவிலேயே நின்றுவிட, எழுத்துகளோ பல ஆயிரம் என்பதால், ஒரே ஒலிக்குள் பல சொற்கள் நெருக்கியடித்துக் குடியிருக்கின்றன.

எனக்குப் பிடித்தது இந்த நெருக்கடியை மக்கள் கொண்டாடும் விதம். மீனும் ‘யூ’, மிச்சமும் ‘யூ’ என்பதால், ஆண்டுதோறும் செல்வம் மிஞ்ச வேண்டும் என்று புத்தாண்டு விருந்தில் மீன் வைக்கிறார்கள். சில வீடுகளில் அதை முழுதும் தின்றுவிடாமல் உண்மையிலேயே மிச்சமும் வைக்கிறார்கள். நற்பேற்றைக் குறிக்கும் ‘ஃபூ’ என்ற எழுத்தைக் கதவில் தலைகீழாக ஒட்டுவதும் உண்டு. தலைகீழ் என்பதற்கும் வந்துசேர்ந்தது என்பதற்கும் ஒரே ஒலி, ‘தாவ்’. வௌவாலின் பெயரான ‘பியென்ஃபூ’வில் அந்த ‘ஃபூ’வே ஒலிப்பதால், பீஜிங்கில் உள்ள இளவரசர் கோங் மாளிகையில் திரும்பிய பக்கமெல்லாம் வௌவால் வடிவ அலங்காரம். வௌவாலுக்கு இவ்வளவு மரியாதை வேறெங்காவது கிடைத்திருந்தால், கருத்துப் பகுதியில் அவசியம் எழுதுங்கள்.

நான்கு என்ற எண் சாவை நினைவூட்டுவது பலரும் அறிந்தது, அதை விட்டுவிடுகிறேன். பேரிக்காய்க்கும் பிரிவுக்கும் ‘லீ’ என்பதே ஒலி என்பதால், காதலர்கள் ஒரே பழத்தைப் பங்கிட்டுக்கொள்வதில்லை.

(திரையில்: ஒற்றை நாணயம்)

தெரியாமல் யாராவது கடிகாரம் கொடுத்துவிட்டால் அதற்கும் பரிகாரம் இருக்கிறது. வாங்கிக்கொள்பவர் பதிலுக்கு ஒரு நாணயத்தைக் கையில் கொடுத்துவிடுவார். அத்துடன் அது அன்பளிப்பு அல்ல, விற்பனை.