இரண்டாம் சூடு

நேயர்களுக்கு வணக்கம். நியூயார்க்கில், குவீன்ஸ் பகுதியில் பல வருஷம் குடியிருந்தவன் நான். அந்த ஊர்ச் சாப்பாட்டைப் பற்றிப் பேசச் சொன்னதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது ஒரு சத்தம். தெருமுனை பீட்சாக் கடையில் அடுப்பின் கனத்த இரும்புக் கதவை மூடும்போது எழுகிற 'டங்'.

நாம் பீட்சா என்றால் நாலு பேர் உட்கார்ந்து பங்கு போட்டுக்கொள்வதையோ, அட்டைப் பெட்டியில் வீடு தேடி வருவதையோ நினைப்போம். நான் சொல்வது ஸ்லைஸ் கடை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஏற்கெனவே சுட்ட பீட்சாக்கள் ஐந்தாறு தட்டில் இருக்கும். பெரும்பாலும் 18 அங்குல வட்டம், எட்டுத் துண்டு. ஒருவர் ஒரே ஒரு துண்டு வாங்கலாம். சுவரோரம் பதித்த பலகையில் தட்டை வைத்து, நின்றபடியே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். நம் ஊரில் கையேந்தி பவன் என்கிறோமே, அந்தப் பெயர் இதற்கும் அப்படியே பொருந்தும்.

ஊருக்குப் போன புதிதில், ஒரு ஜனவரி ராத்திரி, ஏழாம் எண் ரயிலிலிருந்து இறங்கி அப்படி ஒரு கடைக்குள் நுழைந்தேன். அதே ரயிலில் கடைசி நிறுத்தம் வரை போனால் ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில். அங்கே கேண்டீனில் நல்ல தோசை கிடைக்கும். ஆனால் நள்ளிரவில் வேலை முடிந்து வருகிறவனுக்கு அது திறந்திருக்காது. கடைப் பெரியவர் துண்டை எடுத்து அடுப்பில் தள்ளப் போனார். பசி அவசரத்தில் "வேண்டாம், அப்படியே கொடுங்கள்" என்று வாங்கித் தின்றேன். ரொட்டி சவசவ என்றிருந்தது. சீஸ் பல்லில் அப்பியது. இதையா இந்த ஊரே கொண்டாடுகிறது என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன். அடுத்த முறை அவர் என்னைக் கேட்கவே இல்லை. துண்டை உள்ளே தள்ளி, கதவை மூடி, "ரெண்டு நிமிஷம் நில்லு" என்றார். நின்றேன். அன்று சாப்பிட்டதுதான் என் முதல் ஸ்லைஸ் என்று இன்றும் கணக்கு வைத்திருக்கிறேன்.

அந்த இரண்டு நிமிஷத்தில் என்ன நடக்கிறது? அடுப்பின் தளம் கல். சூடு ஏறக்குறைய 290 டிகிரி செல்சியஸ். துண்டின் அடிப்பக்கம் நேராக அந்தக் கல்லில் படுகிறது. மாவில் மிச்சமிருந்த ஈரம் வற்றி, அடி முறுகலாகிறது. இறக்கி வைத்த தோசையை மறுபடி கல்லில் போட்டு முறுகவிட்ட மாதிரி. மேலே சீஸ் இளகி, அதன் கொழுப்பு பிரிந்து, தக்காளியின் நிறத்தை வாங்கிக்கொண்டு ஆரஞ்சுப் பொட்டுகளாக மினுங்குகிறது. இதற்கென்றே ஈரம் குறைந்த மொசரெல்லா சீஸ் போடுகிறார்கள். புதிதாகச் செய்த மொசரெல்லாவில் தண்ணீர் அதிகம். அந்தத் தண்ணீர் கசிந்தால் ரொட்டி ஊறிப்போகும். பக்குவம் தெரிந்த கடைக்காரர் முதல் தடவையே முழுக்கச் சிவக்க விடமாட்டார். இரண்டாம் சூட்டுக்கு இடம் வைத்துத்தான் எடுப்பார். அதனால், சுடச்சுட வந்த முழு பீட்சாதான் உசத்தி, துண்டு என்பது மிச்சம் மீதி என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஸ்லைஸ் என்பது இரண்டு தடவை வெந்து முடிகிற பண்டம்.

இந்தக் கடைகள் வந்த வழியும் அடுப்பின் வழிதான். நியூயார்க்கின் முதல் பீட்சாக் கடை என்று சொல்லப்படும் லொம்பார்டீஸ் 1905-இல் ஸ்பிரிங் தெருவில் தொடங்கியதாகச் சொல்வார்கள். அங்கே நிலக்கரி அடுப்பு. அதன் அனல் மிகக் கடுமை. முழு பீட்சாவைச் சில நிமிஷத்தில் சுட்டுத் தள்ளும். ஒற்றைத் துண்டைப் பதமாக மீண்டும் சூடாக்க அது தோதுப்படாது. 1929-இல் தொடங்கிய ஜான்ஸ் என்ற பிளீக்கர் தெருக் கடை இன்றும் துண்டு விற்பதில்லை என்று எழுதியே வைத்திருக்கிறது. 1930-களில் எரிவாயு அடுப்பு வந்தது. ஃபிராங்க் மாஸ்ட்ரோ என்ற இத்தாலியக் குடியேறியை அதற்கு முன்னோடியாகச் சொல்வார்கள். நிலக்கரியும் வேண்டாம், செங்கல் அடுப்பும் கட்ட வேண்டாம். குறைந்த முதலீட்டில் ஒரு சின்ன இடத்தில் கடை போடலாம் என்றானது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தெருத்தெருவாக ஸ்லைஸ் பரவியது.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1980-இல் எரிக் பிராம் என்ற வழக்கறிஞர் நியூயார்க் டைம்ஸில் ஒரு விஷயத்தைக் கவனித்து எழுதினார்: 1960-களிலிருந்து ஒரு ஸ்லைஸின் விலையும் சுரங்க ரயில் டிக்கெட்டின் விலையும் சேர்ந்தே ஏறி வந்திருக்கின்றன. பிறகு பொருளாதாரம் பேசுகிறவர்கள்கூட அதைப் பிடித்துக்கொண்டார்கள். வேலைக்குப் போகும் மனிதனின் சட்டைப்பையில் இருக்கும் சில்லறைக்குள் பயணமும் பசியும் அடங்கின. சமீப காலமாகப் பல கடைகளில் ஸ்லைஸ் ரயிலை முந்திவிட்டது. எனக்கு அது வருத்தம்தான். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. சீஸும் வாடகையும் அப்படி. ஆனாலும் அந்தப் பலகை ஓரம் நின்றவர்களில், கட்டட வேலைக்காரர், பள்ளிக்கூடப் பிள்ளை, கோட் போட்டவர் என்று யாரும் விட்டுப்போகாமல் இருந்ததற்கு அந்த விலைதான் காரணம்.

நியூயார்க்கின் இன்னொரு பகுதியான புரூக்ளினில் டி ஃபாரா என்று ஒரு பீட்சாக் கடை. டொமெனிகோ டி மார்கோ 1965-இல் தொடங்கியது. 2022-இல் அவர் காலமானார். பல பத்தாண்டுகள் பீட்சா ஒவ்வொன்றையும் தன் கையாலேயே செய்தார். அடுப்பிலிருந்து எடுத்த பிறகு துளசி இனத்து பேசில் தழையைக் கத்தரியால் நறுக்கி மேலே தூவுவார். ஜனம் ஒரு மணி நேரம்கூட நிற்கும்; அவர் கை வேகம் மாறாது. என் தெருக் கடைப் பெரியவரிடமும் அந்த நிதானத்தைப் பார்த்திருக்கிறேன். பெரியவருக்குப் பின் அடுப்பைப் பிடித்தவர் மெக்சிகோக்காரர். கடைக்கு ஒரு குறையும் வரவில்லை.

நியூயார்க் போகிற நேயர்கள் இருந்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முதல் துண்டு வெறும் சீஸ் துண்டாக இருக்கட்டும். மேலே எதுவும் வேண்டாம். பெட்டியில் கட்டச் சொல்லாதீர்கள்; உள்ளே ஆவி தங்கினால் முறுகல் போய்விடும். காகிதத் தட்டில் வரும். எண்ணெய் கசிந்து தட்டில் கண்ணாடி மாதிரி ஒரு வட்டம் விழும். பலகையில் ஒரிகானோவும் மிளகாய்ச் செதிலும் இருக்கும், கொஞ்சம் தூவிக்கொள்ளுங்கள். விளிம்பின் நடுவில் ஆள்காட்டி விரலை அழுத்தி, இரு பக்கமும் மேலே மடியுங்கள். அடிப்பக்கம் 'நறுக்'கென்று லேசாக வெடிக்கும். நுனி தொங்காமல் நேராக நிற்கும். எண்ணெய் ஒழுகும்முன் அந்த நுனியிலிருந்து தொடங்குங்கள்.