பாட்டிலுக்குள் நத்தை: காசு கொடுக்காதவர் வழக்குப் போட முடியுமா?

தோழி வாங்கிக் கொடுத்த கூல்டிரிங்க்ஸைக் குடித்து உங்களுக்கு உடம்பு முடியாமல் போகிறது. பில் தோழி பெயரில். கம்பெனிமீது நீங்கள் வழக்குப் போட முடியுமா? அந்தக் காலத்து பிரிட்டனில் பெரும்பாலும் முடியாது. அதை மாற்றியது ஒரு நத்தை!

1928 ஆகஸ்ட் 26, ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி. மே டோனஹியூ என்ற கடை ஊழியருக்குத் தோழி ஐஸ்கிரீமும் ஜிஞ்சர் பீரும் (இஞ்சிச் சுவை கூல்டிரிங்க்ஸ்) வாங்கித் தருகிறார். பழுப்பு பாட்டில், உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது. பாதியைக் குடித்தாயிற்று. மீதியைத் தோழி ஊற்றும்போது அழுகிய நத்தை ஒன்று மிதந்து வருகிறது. டோனஹியூவுக்கு வயிற்றுக் கோளாறு, அதிர்ச்சி.

தயாரிப்பாளர் ஸ்டீவன்சனிடம் 500 பவுண்டு கேட்டார். வழக்கு, அப்போது கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமாகவும் இருந்த லண்டன் பிரபுக்கள் சபை வரை போனது. தோற்றால் எதிர்த்தரப்பின் வழக்குச் செலவுக்கு என்று முன்கூட்டியே பிணைப்பணம் கட்ட டோனஹியூவுக்கு வழியில்லை. தன் சொத்து 5 பவுண்டுகூடத் தேறாது என்று சத்தியம் செய்து விலக்கு வாங்கினார். எனக்கு இந்த வழக்கில் மிகவும் பிடித்த இடம் இதுதான். என்ன துணிச்சல், பாருங்கள்! 1932 மே 26-இல், மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பு: யார் காசு கொடுத்தாலும், கடைசியில் பயன்படுத்துகிறவரிடம் தயாரிப்பாளருக்குப் பொறுப்பு உண்டு.

சரி, பாட்டிலில் நிஜமாகவே நத்தை இருந்ததா? எந்த நீதிமன்றமும் அதை விசாரிக்கவே இல்லை! ‘இருந்தது என்றே வைத்துக்கொள்வோம், வழக்கு நிற்குமா’ என்பதுதான் கேள்வி. சாட்சி விசாரணைக்கு முன்பே ஸ்டீவன்சன் இறந்துவிட, விஷயம் சமரசத்தில் முடிந்தது.

இந்தியாவில் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான். தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை, போதிய எச்சரிக்கை இல்லாதது, எல்லாவற்றுக்கும் இழப்பீடு கேட்கலாம். மருந்துக்கும் பொருந்தும். ஆனால் மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே தர வேண்டிய மருந்து என்றால், மருத்துவரை முறையாக எச்சரித்திருந்தாலே போதும். ‘எனக்குச் சொல்லவில்லை’ என்று கம்பெனியைப் பிடிக்க முடியாது. இது நோயாளிக்கு அநியாயம் என்றே நினைக்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், கமென்ட்டில் எழுதுங்கள்.

பாதிப்பு வந்தால் பாட்டிலையோ மாத்திரை அட்டையையோ தூக்கிப் போடாதீர்கள், பேட்ச் நம்பர் அதில்தான் இருக்கும். பில், மருத்துவச் சீட்டு எல்லாம் எடுத்து வையுங்கள். இரண்டு வருடத்துக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க வேண்டும். வழி தெரியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து கேளுங்கள்.