ஜிவெர்னி: தோட்டமும் தண்ணீர்த் தகராறும்

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

பிரான்சில், பாரிசிலிருந்து சுமார் 75 கிலோமீட்டரில், செய்ன் ஆற்றை ஒட்டி ஜிவெர்னி என்று ஓர் ஊர். ஊர் ஜனம் ஏறக்குறைய 500 பேர்தான். ஆண்டுக்கு 5 லட்சம் பேருக்கு மேல் அங்கே பூப் பார்க்கப் போகிறார்கள். ஓவியர் கிளாட் மொனே வளர்த்த தோட்டம் அது. பார்த்தவர்களெல்லாம் "என்ன அமைதி!" என்கிறார்கள். அந்த அமைதிக்கு முன்னால் ஒரு வாய்க்கால் தகராறு நடந்தது. நமக்குப் பழக்கமான விஷயம் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1883-இல் மொனே அங்கே குடிவந்தார். வயது 42. கையில் காசில்லை, வாடகை வீடு. கூடவே ஆலிஸ் அம்மையார். இரு தரப்புக்கும் சேர்த்து எட்டுப் பிள்ளைகள். இருவருக்கும் கல்யாணம் நடந்தது 1892-இல். விவசாயம் பார்க்கிற சின்ன ஊர் இதையெல்லாம் எப்படிப் பார்த்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

படங்கள் விலைபோகத் தொடங்கியதும் 1890-இல் வீட்டைச் சொந்தமாக்கினார். 1893-இல் ரயில் பாதைக்கு அந்தப்புறம் நிலம் வாங்கி, எப்த் ஆற்றின் கிளையான ரூ வாய்க்காலைத் திருப்பிக் குளம் வெட்ட அனுமதி கேட்டார். ஊர் எதிர்த்தது. அந்த வாய்க்காலில்தான் துணி துவைப்பார்கள். மாடுகள் குடிப்பதும் அதே தண்ணீர். எங்கிருந்தோ வரும் செடி தண்ணீரைக் கெடுத்துவிட்டால்? ஊரார் மேல் எனக்குக் குறை இல்லை. தண்ணீரை நம்பிப் பிழைக்கிறவன் கேட்காமல் வேறு யார் கேட்பது? மொனே பிரெஃபெக்டுக்கு, அதாவது நம் கலெக்டர் மாதிரியான அதிகாரிக்கு, எழுதிப் போட்டார். பூச்செடிகள்தாம், கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்றுதான் வைக்கிறேன் என்று விளக்கினார். கடைசியில் அனுமதி கிடைத்தது.

அந்தக் குளத்தில்தான் நாம் படங்களில் பார்க்கிற அல்லிகள் பூத்தன. தானாக வந்த அழகு இல்லை. தோட்டக்காரர்களே ஐந்தாறு பேர். ஒருவருக்குக் குளத்து வேலை மட்டும். காலையில் படகில் போய் வாடியதைக் கிள்ளுவார். இலைமேல் படிந்த தூசியைக் கழுவுவார். குறுக்கே ஓடிய சாலையில் வண்டி போனால் புழுதி பறந்து இலையில் உட்காரும். மொனே சொந்தக் காசில் தார் போடச் செய்தார். பூவுக்காக ரோடு போட்ட மனிதர்!

1926-இல் அவர் போனபின் ஆலிஸின் மகள் பிளான்ஷ் தோட்டத்தைக் காப்பாற்றினார். 1947-இல் அவரும் போக, எல்லாம் புதர் மண்டியது. குளத்து மரப்பாலம் உளுத்தது, கரை சரிந்தது. 1977-இல் வெர்சாய் அரண்மனைக் காப்பாளர் ஜெரால்ட் வான் டெர் கெம்ப் பொறுப்பேற்றார். பழைய புகைப்படங்கள், விவரம் தெரிந்தவர்களின் நினைவு, திரட்டிய நன்கொடை இவற்றை வைத்து மீட்டெடுத்து, 1980-இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

போக நினைக்கிறவர்கள் ஏப்ரல் முதல் அக்டோபர் முடிவதற்குள் போங்கள், குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். துலிப் பார்க்க ஏப்ரல் கடைசி. அல்லிதான் வேண்டுமென்றால் ஜூலை, ஆகஸ்ட். கூட்டத்துக்குத் தப்ப முடியாது, காலையிலேயே போய் வரிசையில் நின்றுவிடுங்கள்.