அம்பு பட்ட மானை ஏன் உடனே தேடிப் போகவில்லை? நாய் எதற்கு?

வணக்கம். போன வீடியோவைப் பார்த்த ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "அம்பு பட்ட மான் காட்டுக்குள் போனது. நீங்கள் பின்னாலேயே போகாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டீர்கள். மறுநாள் காலையில் ஒரு நாயோடு வந்து தேடினீர்கள். ராத்திரி முழுக்க ஓர் உயிரைத் தவிக்கவிட்டது சரியா? ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே போயிருக்கலாமே, நாய் எதற்கு?"

கேட்க வேண்டிய கேள்விதான். கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். நான் இருப்பது அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தின் தெற்குப் பகுதியில். இங்கே வெள்ளைவால் மான் வேட்டை உரிமத்தோடும் கணக்கோடும் நடக்கிறது. வில் பருவம் செப்டம்பர் கடைசியில் தொடங்கி பிப்ரவரி ஆரம்பம் வரை. கொம்புள்ள ஆண் மான் ஒருவருக்கு ஒரு பருவத்துக்கு ஒன்றுதான். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். ஊரில் இருந்து பார்ப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். துப்பாக்கிக் குண்டு மோதிய வேகத்திலேயே உடம்புக்குள் பெரிய சேதம் செய்துவிடும். அம்பு அப்படி இல்லை. அதன் முனையில் சவரக் கத்தி மாதிரி தகடுகள் இருக்கும். அது வெட்டிக்கொண்டு போகும், அவ்வளவுதான். ரத்தம் இறங்கித்தான் மான் விழ வேண்டும். இரண்டு நுரையீரலையும் துளைத்துவிட்டால் பெரும்பாலும் 10, 15 விநாடிதான். 100 கெஜத்துக்குள் விழுந்து கிடக்கும். அங்கே நாய்க்கு வேலையே இல்லை. அம்பு நாலு விரற்கடை பின்னால் போய்விட்டால்தான் எல்லாம் மாறிவிடுகிறது.

எனக்கு நடந்தது அதுதான். நவம்பர் மாதம், ஆண் மான்கள் பெட்டையைத் தேடி அலையும் சமயம். மாலை ஐந்து மணிக்கு மேல் பரணுக்கு முன்னால் 22 கெஜத்தில் அந்தக் கிடா வந்து நின்றது. வயதான கிடா என்று பார்த்ததும் தெரிந்தது. கொம்பை வைத்து வயதைச் சொல்ல முடியாது. அது வருடா வருடம் விழுந்து முளைப்பது. உடம்பைத்தான் பார்க்க வேண்டும். கழுத்து தடித்து நெஞ்சோடு ஒன்றாகிவிட்டிருந்தது, முதுகு லேசாகத் தொய்ந்திருந்தது, நெஞ்சு இறங்கியிருந்ததால் கால்கள் குட்டையாகத் தெரிந்தன. நாண் விரலை விட்டுப் போன அந்த நொடியில் அது ஓரடி முன்னே எடுத்து வைத்தது.

நெஞ்சில் பட்ட மான் பின்னங்காலை உதைத்துக்கொண்டு பாய்ந்து ஓடும். இது ஓடவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு மெல்ல நடந்து புதருக்குள் போனது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அரை மணி நேரம் பரணிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுச் சத்தமில்லாமல் இறங்கி அம்பை எடுத்துப் பார்த்தேன். நுரையீரல் என்றால் இளஞ்சிவப்பாக, நுரைத்த ரத்தம் இருக்கும். ஈரல் என்றால் கருஞ்சிவப்பு. இந்த அம்பில் ரத்தம் கொஞ்சம்தான். பச்சையும் பழுப்புமாக ஒரு வழவழப்பு, அதில் மென்ற ஓக் கொட்டைத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. மூக்கருகே கொண்டுபோனேன். புளித்த தீவன வாடை. இரைப்பையில் பட்டிருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

இப்போது நேயரின் முதல் கேள்வி. வயிற்றில் அம்பு பட்ட மானை யாரும் தொந்தரவு செய்யாவிட்டால் அது வழக்கமாக 150, 200 கெஜம் போய், அடர்ந்த இடமாகப் பார்த்துப் படுத்துவிடும். பெரும்பாலும் படுத்த இடத்திலேயே உயிர் போகும். அது சுலபமான சாவு இல்லை, அப்படி நான் சொல்லவும் மாட்டேன். அம்பு தவறியதற்கு முழுப் பொறுப்பும் நான்தான். ஆனால் அந்த நேரத்தில் டார்ச்சை அடித்துக்கொண்டு பின்னால் போனால் என்ன ஆகும்? மான் எழுந்து ஓடும். அரை மைல், சில சமயம் அதற்கு மேலும். துளையைக் கொழுப்பும் இரையும் அடைத்துக்கொள்வதால் ரத்தம் வெளியே சொட்டாது. அது எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. விரட்டினால்தான் அதன் தவிப்பு நீளும், கடைசியில் இறைச்சியும் யாருக்கும் இல்லாமல் போகும். அதனால்தான் ஈரலில் பட்டால் நாலிலிருந்து ஆறு மணி நேரம், வயிற்றில் பட்டால் எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறார்கள். வெயில் காலமாக இருந்தால் இறைச்சி கெட்டுவிடும், அப்போது கணக்கு வேறு. அன்று ராத்திரி குளிர் மூன்று டிகிரிக்கு இறங்கியிருந்தது. கயோட்டிகள், அதாவது இந்த ஊர்க் குள்ளநரி மாதிரியான விலங்குகள், முந்திக்கொள்ளுமோ என்ற பயம் மட்டும் விடியும்வரை இருந்தது.

நான் இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். வில் எடுத்த முதல் வருடம் இதே மாதிரி ஒரு பெட்டை மான். பதற்றத்தில் ஒரு மணி நேரத்திலேயே தேடிப் போனேன். படுத்திருந்தது எழுந்து ஓடும் சத்தம்தான் கேட்டது. இரண்டு நாள் தேடியும் கிடைக்கவில்லை. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

இது எனக்கு மட்டும் நேர்ந்தது என்று நினைக்காதீர்கள். மேரிலாந்தில் ஒரு கடற்படைத் தளத்தில் 1989 முதல் 2006 வரை வில் வேட்டைக்காரர்களின் கணக்கை எழுதி வைத்தார்கள். தேர்வு வைத்துத் தேறியவர்களைத்தான் உள்ளே விட்டார்கள். அப்படியும் அம்பு பட்ட மான்களில் நூற்றுக்கு 18 கைக்குக் கிடைக்கவில்லை. வில்லைத் தொடுகிறவர் யாராக இருந்தாலும் இந்த எண்ணைத் தெரிந்துகொண்டுதான் தொட வேண்டும் என்பேன்.

அடுத்தது நாய். இங்கே எல்லோரும் ரத்தம் தேடும் நாய் என்றுதான் சொல்வார்கள், ஆனால் அது ரத்தத்தை மட்டும் நம்பிப் போவதில்லை. மானின் குளம்பு இரண்டாகப் பிளந்திருக்கிறதே, அந்த இடுக்கில் ஒரு சுரப்பி உண்டு. ஒவ்வோர் அடிக்கும் அதன் வாடை மண்ணில் ஒட்டிக்கொள்ளும். ஒரு மானின் வாடை இன்னொன்றுக்கு இருக்காது. அதனால் ரத்தமே விழாத இடத்திலும், மழை பெய்த பிறகும், ஒரு நாள் கழித்தும்கூட நல்ல நாய் அந்த ஒரு மானின் தடத்தைப் பிடித்துப் போகும்.

இது ஜெர்மனியில் பல தலைமுறையாக இருக்கும் வழக்கம். அமெரிக்காவில் 1970-களில் நியூயார்க் மாநிலத்தில் சிலர் சிறப்பு அனுமதி வாங்கித் தொடங்கினார்கள். இன்று பல மாநிலங்களில் சட்டம் அனுமதிக்கிறது. ஒஹாயோவில் நாய் எப்போதும் வாரிலேயே இருக்க வேண்டும். எந்த மாநிலத்தில் யாரைக் கூப்பிடலாம் என்ற பட்டியலை யுனைடெட் பிளட் டிராக்கர்ஸ் என்ற அமைப்பு வைத்திருக்கிறது. அதில் பார்த்துத்தான் அன்று ராத்திரியே ஃபோன் செய்தேன். பக்கத்து நிலக்காரரிடமும் அப்போதே அனுமதி கேட்டு வாங்கினேன். மான் வேலியைப் பார்ப்பதில்லை, ஆனால் நாம் சொல்லாமல் அடுத்தவர் நிலத்தில் கால் வைக்க முடியாது.

காலையில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை வந்தார். கூட வந்தது முரட்டு ரோமம் உள்ள டாக்ஸ்ஹண்ட். ஊரில் டாஷ் என்று சொல்வோமே, அதன் இன்னொரு வகை. நீளமான உடம்பு, குட்டைக் கால். வளைக்குள் புகுந்து வளைக்கரடியை (பேட்ஜர்) பிடிக்க வளர்த்த இனம். மூக்கு எப்போதும் தரையோடுதான் இருக்கும்.

அவர் கேட்ட முதல் கேள்வி, "தடத்தில் எத்தனை பேர் நடந்தீர்கள்?" நான் அம்பு கிடந்த இடத்தோடு நின்று, அங்கே ஒரு வெள்ளைத் தாளைக் கிளையில் கட்டிவிட்டு வந்திருந்தேன் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. நாலைந்து பேர் சேர்ந்து தேடிக் களைத்த பிறகுதான் பலரும் நாயைக் கூப்பிடுகிறார்கள். அதற்குள் ரத்தம் பூட்ஸ் அடியில் ஒட்டி எல்லாப் பக்கமும் போய்விடும். நாய்க்கு அவ்வளவும் பொய்த்தடம். சந்தேகம் வந்தால் அப்போதே கூப்பிட்டுவிடுங்கள், உள்ளே நடக்காதீர்கள்.

பத்து மீட்டர் வார். நாய் முன்னே, அவர் பின்னே, நான் அவருக்கும் பின்னே. முதல் 60 கெஜத்தில் மூன்று சொட்டு ரத்தம் பார்த்தேன், அதன் பிறகு எதுவும் இல்லை. நாயின் வேகம் மட்டும் குறையவில்லை. ராத்திரி வேறு மான்கள் நடந்த புதுத்தடங்கள் குறுக்கே இருந்தன. ஓரிடத்தில் நின்று தலையைத் திருப்பி முகர்ந்தது, திரும்பவும் பழைய தடத்துக்கே வந்தது. ஓடையருகே தடம் விட்டுப்போனது. அவர் எதுவும் சொல்லவில்லை, வாரைத் தளர்த்திவிட்டுச் சும்மா நின்றார். நாய் தானாக ஒரு வட்டம் போட்டது, இன்னொரு வட்டம் போட்டது, அப்புறம் வார் விறைத்தது.

மான் ஓடைக்கு அந்தப் பக்கம், விழுந்த மரத்தின் கிளைகளுக்குள், வந்த வழியைப் பார்த்தபடி கிடந்தது. பரணிலிருந்து 380 கெஜம் இருக்கும். நான் இரண்டு நாள் தேடியிருந்தாலும் அந்த மரத்துக்குள் குனிந்து பார்த்திருக்க மாட்டேன். உடம்பு விறைத்திருந்தது; ராத்திரியே உயிர் போயிருக்க வேண்டும். நாயைக் கொஞ்ச நேரம் ரோமத்தைக் கவ்வி இழுக்க விட்டார். அதற்கு அதுதான் கூலி. பல்லின் தேய்மானத்தைப் பார்த்து ஐந்தரை வயது இருக்கும் என்றார். தொடைக்கறியில் ஒரு பகுதி வீணாகிவிட்டது, மீதி நன்றாக இருந்தது. நண்பகலுக்குள் மாநிலக் கணக்கில் பதிந்துவிட்டேன்.

அவர் பெட்ரோல் செலவுக்கு மேல் வாங்க மறுத்துவிட்டார். முன்னங்கால் இரண்டை மட்டும் கேட்டார். வீட்டில் பழக்குவதற்கு ஒரு நாய்க்குட்டி இருக்கிறதாம். அந்தக் குளம்புகளைக் காலணியின் அடியில் பொருத்திக்கொண்டு காட்டுக்குள் நடந்து தடம் போடுவார். மறுநாள் குட்டியை அந்தத் தடத்தில் விடுவார்.