ஆறு ஓடட்டும், படித்துறை இருக்கட்டும்

நடுவர் அண்ணாச்சி அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்த மைதானத்தில் ஓடி, விழுந்து, முட்டியைப் பேத்துக்கிட்டு, இன்னைக்குப் பிள்ளை குட்டியோட வந்து உக்காந்திருக்கிற முன்னாள் மாணவர்களே, வணக்கம்.

மைக்கைக் கொஞ்சம் இறக்குங்க தம்பி. உயரம் தாண்டப் பேர் குடுத்த என்னைய 400 மீட்டருக்குத் தள்ளிவிட்டதுக்குக் காரணம் இதுதான்.

தலைப்பு தெரியும். 'கல்லூரி விளையாட்டை வளர்ப்பவர் ஒரே இடத்தில் வேரூன்றிய உடற்கல்வி இயக்குநரா, அடிக்கடி மாறி வரும் புதியவரா?' வேரூன்றியவரேன்னு பேச வந்திருக்கேன். 36 வருஷம் இதே மைதானத்துல விசில் ஊதிட்டு, போன மே மாசம் ஓய்வு பெற்ற நம்ம பி.டி. சாரை மனசுல வச்சுத்தான் இந்தத் தலைப்பையே குடுத்திருக்காங்கன்னு எல்லாருக்கும் தெரியும். அவருக்கு ஜனவரியிலேயே வயசு முடிஞ்சுட்டு. நடுவுல விட்டா பிள்ளைகளுக்குக் கஷ்டம்னு கல்வியாண்டு முடியிற வரைக்கும் மறுநியமனம் குடுத்தாங்க பாருங்க, அரசாங்கமே எங்க அணியிலதான் உக்காந்திருக்கு.

எதிரணித் தலைவர் ஆரம்பத்துலயே ஒரு போடு போட்டார். "தேங்குன தண்ணி பாசி பிடிக்கும், ஆறு ஓடணும்"னார். தாமிரபரணிக்கு அரை மைல்ல நின்னுக்கிட்டு ஆறு ஓடணும்னு சொன்னா எவன் கைதட்டாம இருப்பான்? நானும் தட்டினேன். ஆனா அண்ணாச்சி, ஆறு ஓடலாம், படித்துறை ஓடலாமா? பிள்ளைகதான் ஆறு. மூணு வருஷத்துக்கு ஒரு செட் வருது, போகுது. அவங்களோட சேந்து சாரும் ஓடிட்டா, குறுக்குத்துறையில குளிக்கப் போறவன் காலை எங்க வைப்பான்?

அடுத்து ஒரு தம்பி புள்ளிவிவரமா வந்தார். பல்கலைக்கழக மானியக் குழு விதியில உடற்கல்வி இயக்குநர் ஆகணும்னா ஓட்டத் தேர்வு இருக்குன்னார். உண்மை. ஆண்களுக்கு 30 வயசு வரைக்கும் 12 நிமிஷத்துல 1800 மீட்டர். 40 வரைக்கும் 1500. 45 வரைக்கும் 1200. 50 வரைக்கும் 800. "பாத்தீங்களா, வயசானா ஓட முடியாதுன்னு விதியே ஒத்துக்குது"ன்னு முடிச்சார். தம்பி, 50 வயசுக்காரர் 800 மீட்டர் நடந்து வந்தாலும் போதும், ஆள் வேணும்னுல்லா அந்த விதி சொல்லுது! கடைசி வரியை உங்களுக்காக நான் படிச்சேன், நடுவர் குறிச்சுக்கிடணும்.

இப்ப ஒரு கதை. இது என் மானம் போன கதை.

400 மீட்டர் டிராக்குல கோடு போடுறதைப் பக்கத்துல நின்னு பாத்தவங்க எத்தனை பேரு? நேர்பகுதி 84.39 மீட்டர், வளைவுக்கு ஆரம் 36.5. முதல் லேனை உள்விளிம்புல இருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அளக்கணும், மத்த லேனையெல்லாம் 20 சென்டிமீட்டர் தள்ளி. அதனால ரெண்டாம் லேன்காரன் 7.04 மீட்டர் முன்னால நிப்பான். அதுக்கு மேல ஒவ்வொரு லேனுக்கும் 7.67 கூடிக்கிட்டே போகும். எட்டாம் லேன்காரன் 53 மீட்டர் முன்னால நிப்பான். விளையாட்டு விழா பாக்க வந்த எங்க தாத்தா, "அவன் பாதி தூரம் ஏற்கெனவே போயிட்டானே, இது என்னவே நியாயம்?"னு கேட்டாரு. நியாயம்தான் தாத்தா, வெளி வட்டம் பெருசு.

சார் என்ன செஞ்சிருந்தார்னா, ஒவ்வொரு லேன்காரனும் கிளம்புற புள்ளியிலயும் ஒரு சோடா மூடியைக் கவுத்து வச்சு, மூணு இஞ்சு ஆணியை நடுவுல அறைஞ்சு, மண்ணுக்குள்ள இறக்கிட்டார். மழை பெஞ்சாலும், ரோலர் ஓட்டினாலும், ஆடு மேஞ்சாலும் அது அங்கனயே கிடக்கும். விழாவுக்கு முந்தின நாள் விடிகாலை நாலரைக்கு டார்ச்சும் இரும்பு டேப்புமா வருவார். குனிஞ்சு பாதத்தால மண்ணை ஒதுக்குவார். மூடி மினுங்கும். நாங்க சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கிட்டு பின்னாலயே போவோம்.

நான் ரெண்டாம் வருஷம் படிக்கும்போது சார் உடம்புக்கு முடியாம ரெண்டு மாசம் லீவு. வேற ஒரு இளைஞர் தற்காலிகமா வந்தார். நல்ல மனுஷன், சுறுசுறுப்பு, என்னைய விட வேகமா ஓடுவார். விழாவும் வந்துட்டு. ஆறாம் லேன் ஆணி அவர் கண்ணுல படல. ஏழாம் லேன் ஆணிதான் தட்டுப்பட்டுச்சு. அதைப் பிடிச்சு ஆறாம் லேனுக்குக் கோடு போட்டுட்டார். ஆறாம் லேன்ல ஓடுனது யாரு? அடியேன்.

ஓடி முடிச்சா கல்லூரி சாதனை! மாலை, போட்டோ, எங்க தெருவுல ரெண்டு நாள் பேச்சு. எங்க அம்மா இருட்டுக்கடைக்கு ஆள் அனுப்பி அல்வா வாங்கிட்டா. சார் திரும்பி வந்து நேரத்தைப் பாத்தார். ஒண்ணும் சொல்லல. டேப்பை எடுத்தார், அளந்தார், என்னையக் கூப்பிட்டார். "ஏல, நீ ஓடுனது 392 மீட்டர் சொச்சம். அதுல நீதாம்ல உலக சாதனை. வேற எவனும் அந்தத் தூரம் ஓடுனதே இல்ல!" ஏறக்குறைய ஒரு வினாடியை எனக்கு அந்த ஆணி தானமா குடுத்திருக்கு. சாதனைப் பலகையில என் பேரை அழிச்சுட்டாங்க. அல்வா மட்டும் திரும்பி வரல.

அந்தத் தற்காலிக சார் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆணி எங்கன இருக்குன்னு யாரும் அவருக்குச் சொல்லல. சொல்லத் தெரிஞ்ச ஒரே ஆளு ஆஸ்பத்திரியில இருந்தார்.

இனி கடைசியாப் பேசின எதிரணித் தங்கச்சிக்கு வாரேன். "நெடுநாள் இருக்கிறவங்களுக்குப் புது விதி ஏறாது"ன்னு சொன்னாங்க. தங்கச்சி, மாறுதலைப் பாக்கணும்னா இருந்து பாக்கணும். ஆண்கள் ஈட்டியோட எடைமையத்தை 1986-ல முன்னால தள்ளினாங்க. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாலதான் ஊவே ஹோன்னு ஒரு ஜெர்மானியர் 104.80 மீட்டர் எறிஞ்சு, மைதானமே பத்தாதுங்கிற நிலைமை ஆச்சு. போதாததுக்குப் பழைய ஈட்டி மிதந்து போய் வயித்தால படுத்துரும், முனை குத்துச்சா இல்லையான்னு தினம் சண்டை. சார் 1988-ல இங்க சேரும்போது நம்ம ஸ்டோர் ரூம்ல கிடந்தது பழைய ஈட்டிதான். வாலிபால்ல அப்ப சர்வ் போட்ட அணிக்கு மட்டும்தான் பாயிண்ட், செட்டுக்கு 15. இப்ப ஒவ்வொரு பந்துக்கும் பாயிண்ட், 25. லிபரோன்னு பின்வரிசையில தடுத்தாட மட்டும் வேற கலர் சட்டையில ஒருத்தன். ஓட்டத்துல 2010-ல இருந்து வெடிச் சத்தத்துக்கு முந்தி ஒரு தடவை கிளம்பினாலே வெளியே. இத்தனையையும் படிச்சு, எங்களுக்குச் சொல்லிக் குடுத்து, நடுவராவும் நின்னவர் அவர். சேரும்போது கல்லூரிகளுக்கு இடையிலான போட்டின்னா மதுரை காமராசர் பல்கலைக்கழகம், பாசஞ்சர்ல கட்டுச்சோத்தோட போகணும். 1990-ல நம்ம ஊர்ப் பக்கமே மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்துச்சு. பல்கலைக்கழகமே மாறிப்போச்சு, சார் மாறலைன்னா எப்படிங்க?

வெளியூர் சாட்சி ஒண்ணே ஒண்ணு. பி.டி. உஷாவை 1976-ல கண்ணூர் விளையாட்டு விடுதியில சிறுமியாப் பாத்தவர் ஓ.எம். நம்பியார். 1984-ல லாஸ் ஏஞ்சலிஸ் 400 மீட்டர் தடை ஓட்டத்துல அந்தப் பிள்ளை 55.42-ல வந்து நூத்துல ஒரு வினாடியில வெண்கலத்தை விட்டப்பவும் பயிற்சியாளர் அதே நம்பியார்தான். எட்டு வருஷம், ஒரே கண்ணு. வருஷத்துக்கு ஒரு பயிற்சியாளர்னு மாத்தியிருந்தா நூத்துல ஒரு வினாடி வரைக்குமாவது வந்திருக்குமா?

கோப்பைக் கணக்கு நான் சொல்லல. அலமாரியில இருக்கு, போய் எண்ணிக்கிடுங்க. எனக்கு முக்கூடல் பக்கத்துல பாத்த ஒரு வீடுதான் ஞாபகம். பெண்கள் கபடி அணியில ஒரு பிள்ளைக்குப் பல்கலைக்கழக அணியில இடம் கிடைச்சு, தென்மண்டலப் போட்டிக்கு வெளி மாநிலம் போகணும். வீட்டுல விடமாட்டேன்னுட்டாங்க. சார், ஒரு மேடம், கூடத் துணைக்கு நான். திண்ணையில அந்த அம்மா மடியில முறத்தை வச்சுக்கிட்டு பீடி சுத்திக்கிட்டிருக்காங்க. நாங்க பேசப் பேச இலையை வெட்டுறாங்க, தூளை வைக்கிறாங்க, சுருட்டுறாங்க, நூலைச் சுத்துறாங்க. தலையே நிமிரல. மேடம் சர்டிபிகேட் பத்திச் சொல்றாங்க, வேலைவாய்ப்புல விளையாட்டு ஒதுக்கீடு பத்திச் சொல்றாங்க. ஒண்ணும் நடக்கல. திடீர்னு அந்த அம்மா கை நின்னுச்சு. "ஏங்க, எங்க சின்னத்தம்பியைக் கபடிக்குக் கூட்டிட்டுப் போன சாரு நீங்கதானா? கை பெசகி வந்தான்லா, நீங்கதானே கட்டுப் போட்டுக் கொண்டாந்து விட்டிய?" சார் தலையை ஆட்டினார். "அப்ப போயிட்டு வாட்டி." அவ்வளவுதான். மறுபடி கை ஓட ஆரம்பிச்சுட்டு.

அந்தத் தம்பி வந்து போயி பதினாலு வருஷம். புதுசா வந்தவர் எவ்வளவு படிச்சிருந்தாலும் அந்தத் திண்ணையில அவருக்கு என்னங்க மரியாதை கிடைச்சிருக்கும்? ஒரு தம்ளர் தண்ணி கிடைச்சிருக்கும்.

அந்தப் பிள்ளைக்கு வேலை கிடைச்சதும் இதே கணக்குலதான். மத்திய அரசு விளையாட்டு ஒதுக்கீட்டுக்குப் பல்கலைக்கழக அணியில ஆடுனவங்க மூணாம் எண் படிவம் வைக்கணும். ஆடி ஆறு வருஷம் கழிச்சு வந்து கேட்டா. எந்த வருஷம், எந்த ஊரு, யார் யார் அணி, எல்லாம் சாரோட நீள நோட்டுல மை மங்காம இருந்துச்சு. பல்கலைக்கழகத்துல எந்த மேசையில போய் நிக்கணும்னும் சொல்லிவிட்டார்.

குறையே இல்லையான்னு நடுவர் கேப்பார், நானே சொல்லிருதேன். சாருக்குக் கபடின்னா உயிர். 1990 பெய்ஜிங்ல கபடி ஆசிய விளையாட்டுக்குள்ள வந்து, 1994 ஹிரோஷிமாவுல தங்கம் வாங்கின அணியில நம்ம பக்கத்து மணத்தி கணேசன் ஆடினதுல இருந்து சாருக்குத் தரையில கால் பாவல. டென்னிஸ் கோர்ட்டுல பத்து வருஷம் நெருஞ்சி முளைச்சுக் கிடந்துச்சு. பெண்கள் அணியைப் பத்தி அவ்வளவு பேசினேனே, அதை அவர் ஆரம்பிச்சதே ரொம்பத் தாமதம். ஒரே ஆளு ரொம்ப நாள் இருந்தா அவர் ஆசைதான் மைதானத்தோட ஆசையா ஆயிரும். எதிரணி இதைப் பேசியிருந்தா நான் திணறியிருப்பேன். பேசாம ஆறு, பாசின்னு போயிட்டாங்க. அதுக்கு நான் என்ன செய்ய?

மணி அடிச்சாச்சா? சரி அண்ணாச்சி, முடிச்சுக்கிடுதேன்.

நாளைக்குக் காலையில இங்க முன்னாள் மாணவர்களுக்கு 400 மீட்டர் ஓட்டம் இருக்கு. கோடு போடுற வேலையை எதிரணித் தலைவரே எடுத்துக்கிடட்டும். சுண்ணாம்பு நான் வாங்கித் தாரேன், டேப்பும் தாரேன். ஆறாம் லேன் ஆணி மட்டும் ஆம்பிடலைன்னா, அந்தா, கடைசி வரிசையில வேப்பமரத்தடியில சட்டைப்பையில விசிலோட ஒருத்தர் உக்காந்திருக்காரு. அவர்ட்ட கேட்டுக்கிடுங்க. வணக்கம்.