பாயில் உட்கார்ந்து மீட்ட பாடம்

அனைவருக்கும் வணக்கம். முன்வரிசையில் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். கொரோனாவில் பாடம் விட்டுப்போன பிள்ளைகளுக்குச் சாயங்காலம் ஊருக்குள்ளேயே சொல்லிக்கொடுக்க அரசு கொண்டுவந்த திட்டம் அது. நான் பேச வந்ததே உங்களைப் பற்றித்தான்.

2021 நவம்பர் 1. கொரோனாவால் மூடி, ஏறத்தாழ 19 மாதங்களுக்குப் பிறகு தமிழ்நாட்டில் சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்த நாள். நான் அப்போது ஒரு தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியர். இரண்டாம் வகுப்புக்குள் போனேன். 2020இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் பதிந்த பிள்ளைகள். வகுப்பறையில் உட்காருவது அன்றுதான் முதல் தடவை. ஒரு பையன் பென்சிலை உளி பிடிப்பதுபோலப் பிடித்திருந்தான். 'அ' எழுதச் சொன்னேன். அழுத்தியதில் தாள் கிழிந்துவிட்டது. அடிப்பேனோ என்று என் முகத்தையே பார்த்தான். இன்றைக்கும் அந்தப் பார்வை எனக்கு மறக்கவில்லை.

ஆசியா முழுக்க இதே கதைதான். வங்கதேசத்தில் 18 மாதம் பள்ளிகள் பூட்டிக் கிடந்தன. பிலிப்பைன்ஸில் 2021 நவம்பரில்தான் 100 அரசுப் பள்ளிகளைச் சோதனைக்காகத் திறந்தார்கள்.

நம் ஊரில் கைகொடுத்தது யார்? பிளஸ் டூ, டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்கள். எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண், பி.எஸ்சி. கணிதம். நான்கு வருடமாக அந்தப் பட்டம் பீரோவில் கிடந்தது. வெளியூர் வேலைக்குப் போக முடியாது. கைக்குழந்தை, படுத்த படுக்கையாக மாமியார். சாயங்காலம் கோயில் மண்டபத்தில் பாயை விரித்து இருபது பிள்ளைகளை உட்கார வைத்தார். புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் குவித்து, கடன் வாங்கிக் கழிப்பதைச் சொல்லிக்கொடுத்தார். ஒரு குவியலைக் கலைத்துப் பத்துக் கொட்டையைப் பக்கத்தில் தள்ளியதும் பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. நான் முப்பது வருடம் கரும்பலகையில் போட்ட கணக்கு அது. அவரிடம்தான் கற்றுக்கொண்டேன், பெருமையாகவே சொல்கிறேன்.

இது பலன் தந்ததா என்று கேட்பவர்களுக்குக் கணக்கு இருக்கிறது. கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியல் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள், இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. அப்படித் திரும்பியதில் ஏறத்தாழ கால் பங்கு உங்கள் மாலை வகுப்பால் வந்தது. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் கூடுதல் பலன்.

இதற்கு நாம் கொடுத்தது மாதம் 1000 ரூபாய். ஊக்கத்தொகை என்று பெயர். நல்ல திட்டம், நானும் கைதட்டியவன். ஆனால் பிள்ளைகளின் படிப்பு, படித்த பெண்களின் வேலை என்று நாம் தனித்தனியாகப் பேசுகிற இரண்டு பிரச்சினையும் அந்த ஒரே பாயில்தான் உட்கார்ந்திருந்தன. ஒன்றுக்கு வழி பார்த்தோம். இன்னொன்றை அப்படியே விட்டுவிட்டோம். தமிழ்நாட்டில் கல்லூரி வயதுப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப்பேர் உயர்கல்விக்குப் போகிறார்கள். படித்து முடித்த பெண்ணுக்கு, நடந்துபோகிற தூரத்தில் என்ன வேலை வைத்திருக்கிறோம்?

அந்தப் பெண் ஒருநாள் என்னிடம் கேட்டார்: "சார், இத்தனை மாசம் பாடம் எடுத்ததை எங்க காட்டினா கணக்குல எடுப்பாங்க?" எனக்குப் பதில் தெரியவில்லை.

மேடையில் இருக்கிற அதிகாரிகளிடம் கேட்கிறேன். இவர்கள் பாடம் எடுத்த மாதங்களை ஆசிரியர் பயிற்சிச் சேர்க்கையில் அனுபவமாகக் கணக்கிடுங்கள். அங்கன்வாடிப் பணியிடம் காலியானால் அந்தந்த ஊர்த் தன்னார்வலரை முதலில் கூப்பிடுங்கள். அந்தப் பெண்ணுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை, ஐயா.